பழைய மடிக்கணினிக்கு எஸ்.எஸ்.டி.: அடாப்டரில் ஏமாற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டதிலிருந்து, பழைய மடிக்கணினிகளை எடைக்குப் போடும் பேச்சு பல வீடுகளில் அடிபடுகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவையும் அந்தக் குவியலில் சேர்கின்றன. அவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பது உண்மை. ஆனால் திறக்கவே ஐந்து நிமிடம் எடுப்பதற்குக் குற்றவாளி பெரும்பாலும் பிராசசர் அல்ல, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைப் போடலாம்.

மடிக்கணினி ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுவது. ஒரு சிறு கோப்பைத் தேடிப் படிக்க அதற்குச் சராசரியாக 15 மில்லி விநாடிக்கு மேல் ஆகும்; எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. அதனால்தான் நொடிக்கு 300 எம்.பி.யைத் தாண்ட முடியாத பழைய சாட்டா 2 இணைப்பில் (சாட்டா என்பது டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் முறை) போட்டாலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது. 'என் லேப்டாப் பழசு, முழு வேகம் கிடைக்காதே' என்று தயங்க வேண்டியதில்லை.

மக்கள் பணத்தை இழப்பது அடாப்டர் வாங்கும் இடத்தில். சென்னை ரிச்சி தெருவானாலும் இணையக் கடையானாலும், எம்.2 கார்டு ஒன்றையும் அதை 2.5 அங்குல டிஸ்க் வடிவுக்கு மாற்றும் அடாப்டர் டப்பா ஒன்றையும் சேர்த்து வாங்கி வந்து, கணினியில் தெரியவில்லை என்று நிற்பவர்கள் பலர். எம்.2 என்பது கார்டின் வடிவம் மட்டுமே. அதே வடிவில் சாட்டா முறையில் பேசும் கார்டும் உண்டு, என்.வி.எம்.இ. என்ற புதிய, வேகமான முறையில் பேசும் கார்டும் உண்டு. அந்த டப்பாவில் இருக்கும் பலகை ஒரு மொழியை இன்னொன்றாக மாற்றாது. சாட்டா கம்பிகளை இடம் மாற்றி இணைக்கும், 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும், அவ்வளவுதான். என்.வி.எம்.இ. கார்டு சில பலகைகளில் நுழையவே நுழையாது. சிலவற்றில் நுழைந்துவிடும், ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) தலைகாட்டாது.

கார்டின் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்.வி.எம்.இ. என்று கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் இரண்டு வெட்டு உள்ள என்.வி.எம்.இ. கார்டுகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. எனவே கார்டின் மேல் ஒட்டிய தாளில் சாட்டா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். எம்சாட்டா என்ற பழைய வகைக் கார்டு இதிலும் வேறு. வைஃபை கார்டு போலத் தோன்றும் அதற்குத் தனிப் பலகை வேண்டும்.

உண்மையில், கையில் எம்.2 சாட்டா கார்டு ஏற்கெனவே இருந்தால் தவிர இந்த டப்பாவே தேவையில்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. நேராக ஹார்ட் டிஸ்க் இடத்தில் உட்காரும். மலிவான பலகைகளில் மின்னழுத்தம் குறைக்கும் பகுதி தரமற்றதாக இருந்தால், பெரிய கோப்பு எழுதும்போது டிஸ்க் திடீரென்று மறைந்துபோகும். மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய்க்கு இந்தத் தொல்லை எதற்கு?

வாங்க வேண்டிய அடாப்டர் வேறொன்று: பழைய டிஸ்க்கின் நகலை எடுக்க உதவும் சாட்டா–யு.எஸ்.பி. கேபிள். யு.எஸ்.பி. 3.0 ஆக இருக்கட்டும். கணினியில் இருப்பது யு.எஸ்.பி. 2.0 என்றால் 200 ஜி.பி. நகலாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். நகலெடுக்கும் முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளால் பழைய டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். மஞ்சள் அல்லது சிவப்பு காட்டினால் முழு நகல் முயற்சியை விட்டு, முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்கவைத்தால் பாதியில் நின்றுவிடும். 500 ஜி.பி. டிஸ்க்கிலிருந்து 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்குப் போகிறவர்கள், உள்ளே இருக்கும் தரவு 200 ஜி.பி.க்குள் அடங்கினாலும், டிஸ்க்கின் பகுதிகளை (பார்ட்டிஷன்களை) சுருக்கிய பிறகே நகலெடுக்க முடியும். குளோன்ஸில்லா என்ற இலவச நகல் மென்பொருள், சிறிய டிஸ்க்கை இலக்காக வைத்தால் சாதாரணமாக ஏற்காது. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

மாற்றும் வேலை அரை மணி நேரம்தான். கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். டிஸ்க்கை மேலே தூக்கக் கூடாது. இணைப்பானிலிருந்து கிடைமட்டமாக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு திருகுகளைக் கழற்றி, இரும்புத் தட்டைப் புதிய எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். சில மாடல்களில் டிஸ்க் முனையில் ஒரு சிறு இணைப்பான் ஒட்டிக்கொண்டு வரும். அதை மறந்து பழைய டிஸ்க்கோடு போட்டுவிடாதீர்கள். பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மி.மீ. தடிமன், எஸ்.எஸ்.டி.யோ 7 மி.மீ.தான். இரும்புத் தட்டு இல்லாத மாடலில் 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டாவிட்டால் அது ஆடி, இணைப்பு விட்டுப்போகும்.

முதல்முறை திறக்கும்போது பழைய டிஸ்க்கை எந்த வழியிலும் இணைக்காதீர்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும். பயாஸில் சாட்டா முறை ஏ.ஹெச்.சி.ஐ. (சாட்டா டிஸ்க்கோடு பேசும் புதிய முறை) ஆக இருப்பது நல்லது. ஆனால் பழைய விண்டோஸை ஐ.டி.இ. என்ற பழைய முறையில் போட்டிருந்து திடீரென்று மாற்றினால் நீலத்திரைதான் வரும். விண்டோஸ் 10-இல் அடுத்த துவக்கத்தை சேஃப் மோடுக்கு (அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் முறைக்கு) அமைத்து, பயாஸை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அங்கே டிஸ்க் மாட்டும் கேடி என்ற சட்டமும் நல்ல வழிதான். 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு தடிமனில் வருகிறது. டிவிடி டிரைவை அளந்து வாங்குங்கள். எஸ்.எஸ்.டி.யை முதன்மை இடத்திலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேடியிலும் வையுங்கள். மாற்றி வைத்தால் சில கணினிகள் கேடியில் உள்ள எஸ்.எஸ்.டி.யிலிருந்து துவங்காது.

2005-க்கு முந்தைய, 44 ஊசி ஐ.டி.இ. டிஸ்க் கொண்ட கணினிக்கு அடாப்டர் கிடைத்தாலும் செலவு வீண். 2 ஜி.பி. ரேம் மட்டும் உள்ளவற்றில் முதலில் ரேமை 4 ஜி.பி. ஆக்குங்கள். புதிய விண்டோஸ் ஏறாத கணினிகளில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் கிடைக்கும்.

எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. கிங்ஸ்டன் ஏ400-இன் 240 ஜி.பி. மாடலுக்கு மொத்தம் எழுதக்கூடிய அளவு 80 டெராபைட் (80,000 ஜி.பி.) என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. தினம் 20 ஜி.பி. எழுதினாலும் பதினோரு ஆண்டுக் கணக்கு.

விற்பனையாளர்களிடம் ஒரே கோரிக்கை. அடாப்டர் பெட்டியின் முகப்பிலேயே 'சாட்டா கார்டுக்கு மட்டும்', 'என்.வி.எம்.இ. ஏற்காது' என்று தமிழில் பெரிதாக அச்சிடுங்கள். பிரித்த பிறகு திருப்பி வாங்க மறுக்கும் கடைகள் பில்லிலும் அதை எழுதட்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி