கவிக்கு, சோமுவின் பெட்டி பற்றி

நங்கநல்லூர்,
செப்டம்பர் 6

அன்புள்ள கவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போன் போட்டால் "மீட்டிங்" என்று செய்தி வருகிறது. உங்கள் ஊர் ராத்திரி ஒன்பதுக்கும் மீட்டிங்தான் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆனி மாதம் "சோமுவை இங்க அனுப்பிடறியாம்மா" என்றாய். ஏன், என்ன என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாயை விமானத்தில் அனுப்பும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்று மூன்று வரி அனுப்பியிருக்கிறாய். மடக்குக் கூண்டு ஒன்றுக்கு லிங்க், ஒரு வாரம் பழக்கினால் போதும், ஏஜென்ட் வந்து எடுத்துக்கொள்வார், நீ வரவில்லை என்று. மூன்றும் தப்பு.

இருபத்தேழு வருஷம் மீனம்பாக்கம் கார்கோவில் "இது போகும், இது போகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு லிங்க் அனுப்புகிறாய். சரி, போகட்டும். கம்பிக் கூண்டு வீட்டுக்கு நல்லது, காருக்கும் பரவாயில்லை. விமானத்தில் பக்கத்துச் சரக்கு இடித்தால் கொக்கி கழன்று சுவர் மடிந்துவிடும். கம்பி இடுக்கில் நகமும் பல்லும் மாட்டும். ஏற்கவே மாட்டார்கள். கெட்டிப் பிளாஸ்டிக்கில் மேல்பாதி, கீழ்பாதி, இரும்புக் கம்பிக் கதவு உள்ள பெட்டிதான் வேண்டும். வாங்கியும் ஆகிவிட்டது.

அளவு எப்படி என்று தெரிந்துகொள். எடையை வைத்துப் பெட்டி வாங்குகிறவர்கள்தான் கவுன்ட்டரில் அழுகிறவர்கள். சோமுவை நிற்க வைத்து அளந்தோம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 72 செ.மீ. தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டு வரை 30. தோள் அகலம் 19. தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அது, 64. வெட்டிய காதை அளக்கவில்லை, நல்ல காதை அளந்தோம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் கணக்குப்படி பெட்டியின் நீளம் 72-உடன் முழங்கை உயரத்தில் பாதி, அதாவது 87. அகலம் தோளைப்போல் இரண்டு மடங்கு, 38. உயரம் 64-உடன் விரிப்பின் கனம், 67 என்று வைத்துக்கொள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய் என்றால் எல்லாவற்றிலும் பத்து சதவீதம் கூட்ட வேண்டும், அப்படியும் பல விமானங்கள் ஏற்றாது. நம் தெருநாய்க்கு மூக்கு இருக்கிறது, அந்த மட்டும் தப்பித்தோம்.

400 சைஸ் பெட்டியின் உயரம் 69 என்று போட்டிருந்தது. அப்பா அதுவே போதும் என்றார். அது வெளியளவு! உள்ளே நாலைந்து செ.மீ. குறையும். காது கூரையில் தட்டினால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த சைஸ் 500 வாங்கினோம், நீளம் 102, அகலம் 69, உயரம் 76. அதற்கும் பெரியது வேண்டாம். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கினால் வண்டி திரும்பும்போது நாய் உள்ளே உருளும். காசும் கூடும். பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுவார்கள், மூன்று அளவையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 89 கிலோ வருகிறது. சோமு 21 கிலோ, பெட்டியோடு சேர்த்தாலும் முப்பத்திச் சொச்சம்தான். ஆனால் சரக்காகப் போனால் 89-க்குத்தான் பணம்.

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பாதி விலைக்கு ஒன்று இருந்தது. வெயிலில் கிடந்து வெளுத்த பிளாஸ்டிக். கட்டை விரலால் அழுத்தினேன், போல்ட் ஓட்டையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது. வேண்டாம் என்றேன்.

பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் கிளிப் அத்தனையும் கழற்றிவிட்டு எல்லா ஓட்டையிலும் இரும்பு போல்ட், நட், இரண்டு பக்கமும் வாஷர் போட்டாயிற்று. ஒரு ஓட்டையைக்கூட விடக்கூடாது. கதவின் கீல் ஊசியும் தாழ்ப்பாள் ஊசியும் சட்டத்தைத் தாண்டி 1.6 செ.மீ. நீண்டிருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். திறப்பெல்லாம் சேர்த்து நாலு சுவர்ப் பரப்பில் 16 சதவீதமாவது இருக்க வேண்டும். இதில் பின்சுவர் மூடியிருந்ததால் அப்பா டிரில் போட்டு ஓட்டை போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டார். மூக்கும் பாதமும் வெளியே வராத அளவுதான் ஓட்டை. சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது, இல்லாவிட்டால் அதற்கே நிறுத்திவிடுவார்கள். கதவில் இரண்டு கிண்ணம், வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. பூட்டு மட்டும் போடக்கூடாது, அவசரத்துக்கு யாராவது திறக்க வேண்டாமா.

ஒன்று கேட்க நினைத்தேன். மாப்பிள்ளைக்கு நாய் முடி பட்டால் இழுப்பு வருமே. கல்யாணத்தின்போது மாடியை விட்டு இறங்கவே இல்லை அவர். அங்கே புதிதாக ஏதாவது மருந்து கிடைக்கிறதா? கிடைத்தால் நல்லதுதான்.

பழக்குவது பற்றி. ஒரு வாரம் என்று சொன்ன அந்த ஏஜென்ட் நாய் வளர்த்தவராக இருக்க முடியாது. குட்டிக்குப் பெட்டி என்பது இன்னொரு சாமான். ஏழு வயது நாய்க்கு மூடிய கதவைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும். சோமுவுக்கு அது நாய் பிடிக்கும் கார்ப்பரேஷன் வண்டி. அவன் காதை யார் வெட்டினார்கள் என்று அவன் மறக்கவில்லை.

முதலில் கீழ்பாதி மட்டும், தொட்டி மாதிரி. கூரையில்லை, கதவில்லை. அவன் எப்போதும் படுக்கும் ஊஞ்சலுக்குக் கீழே வைத்தோம். அடியில் ரப்பர் பாய் போடாமல் வைத்தால் மொசைக் தரையில் பெட்டி ஆடிக் கடகடக்கும், அந்த ஒரு சத்தம் போதும், நாலு நாளைக்கு உள்ளே வரமாட்டான். இரண்டு வேளைச் சாப்பாடும் அதில்தான். முதல் நாள் தட்டு விளிம்பில், பிறகு தினம் ஒரு சாண் உள்ளே. தூக்கி வைக்கக்கூடாது, பின்னாலிருந்து தள்ளக்கூடாது, ஏமாற்றி உள்ளே விடக்கூடாது. தானாக நாலு காலும் வைத்து ஏறி, தானாகத் திரும்பி, தானாகப் படுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேல்பாதி. அதற்கும் பிறகுதான் கதவு. கதவை மாட்டினாலும் கயிற்றால் இழுத்துக் கட்டி வைக்க வேண்டும், தானாகச் சாத்திக்கொண்டு முதுகில் இடிக்காமல்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் கவி. தெரிந்திருந்தும் மேல்பாதி மாட்டிய இரண்டாம் நாளே கோழி ஈரலை உள்ளே போட்டு, அவன் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். நாள் போதாது என்று எனக்கு நானே ஒரு கணக்கு. முனகினான், பிறகு குரைத்தான். அப்பா "திற" என்றார். "கத்தி ஓயட்டும், போகப் போகப் பழகிடும்" என்றேன். இருபது நிமிஷத்தில் ஓய்ந்தான். திறந்து பார்த்தால் கம்பியைக் கடித்து ஈறு கிழிந்து, வாயெல்லாம் எச்சிலும் ரத்தமுமாக மூலையில் நின்றுகொண்டிருந்தான். படுக்கக்கூட இல்லை. சத்தம் நின்றதைப் பழகிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறான்.

பொங்கலுக்கு மறுநாள் நீ போனில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். நான் முழுசாகக் கேட்கவில்லை. இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அப்புறம் நீ அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நானும் இருந்துவிட்டேன்.

சோமு அதற்கப்புறம் பதினாறு நாள் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. மறுபடி தொட்டியிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை கதவை அவன் தின்றுகொண்டிருக்கும்போது சாத்தி, தின்று முடிப்பதற்குள் திறந்தேன். ஐந்து விநாடி. பத்து. முப்பது. ஒரு நிமிஷம். ஒவ்வொரு நாளும் ஏற்றிக்கொண்டே போகக்கூடாது. ஐந்து நிமிஷம் இருந்த மறுநாள் ஒரு நிமிஷத்தில் திறந்துவிடு, அப்போதுதான் "இன்றைக்கு எவ்வளவு நேரமோ" என்ற பயம் வராது. தூக்கமில்லாத கொட்டாவி, உதட்டை நக்குவது, வெயில் இல்லாமல் இரைப்பது, வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் வேகம் அதிகம் என்று அர்த்தம். இடுப்பைச் சாய்த்துப் பின்னங்கால்களை ஒரு பக்கம் போட்டு, முகவாயைக் கீழே வைத்தால் அடுத்த படிக்குப் போகலாம். லேசான முனகலுக்கு இரண்டு மூன்று விநாடி அமைதி வரும்வரை பொறுத்துத் திற. பதறினால் பொறுக்காதே, உடனே திற.

இப்போது ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கிறேன், நாற்பது நிமிஷம் நக்குகிறான். கதவு சாத்தியிருக்கும்போதே நான் குளித்துவிட்டு வருகிறேன். ராத்திரி கதவைத் திறந்து வைத்தாலும் தானாக உள்ளே போய்த் தூங்குகிறான். அடுத்தது மூடிய கதவோடு ராத்திரித் தூக்கம். பிறகு இரண்டு பேர் அடியில் பிடித்துத் தூக்கி ஹாலிலிருந்து வராந்தாவுக்கு, அப்புறம் டாட்டா ஏஸில் ஜி.எஸ்.டி. ரோடு வரை. இரண்டு தடவை கார்கோ வாசல் வரை போய், லாரி பின்வாங்கும் பீப் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டில் எட்டு மணி நேரம் உள்ளே தூங்கும் நாய், பெட்டியை ஒப்படைப்பதிலிருந்து அங்கே வெளியே வரும் வரையிலான பதினாறு பதினெட்டு மணி நேரத்தைத் தாங்கும். தீபாவளி வாரத்தில் பயிற்சி கிடையாது. கதவையே கழற்றி வைத்துவிடுவேன். வெடிக்குப் பயந்து தானாகப் போய் ஒளிந்தால் ஒளியட்டும்.

எதிர்வீட்டு மாமி தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பச் சொல்கிறாள். கூடவே கூடாது. ரத்த அழுத்தம் இறங்கும், பெட்டி சாயும்போது காலை ஊன்றிக்கொள்ள முடியாது, உடம்புச் சூட்டைச் சமாளிக்க முடியாது. மயக்கத்தில் இருக்கும் நாயைக் கண்டால் ஏற்கவும் மாட்டார்கள்.

காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஜூலை 6 வேப்பேரியில் தோலுக்கடியில் 15 இலக்க அடையாளச் சிப் போட்டு, அதற்குப் பிறகே வெறிநாய்த் தடுப்பூசி போட்டோம். வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. முப்பது நாள் கழிந்து ஆகஸ்ட் 10 ரத்தம் எடுத்தார்கள். ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 யூனிட் இருந்தால் போதும், நம் ஆள் தாராளமாகத் தேறிவிட்டான். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், ஆக நவம்பர் 10-க்குப் பிறகுதான் பயணம். ஐரோப்பியச் சுகாதாரச் சான்று கொடுத்த பத்து நாளுக்குள் அங்கே இறங்கியாக வேண்டும், அதற்குப் பள்ளிக்கரணை அனிமல் குவாரன்டைனுக்கு நானே போய்க்கொள்கிறேன்.

நீ வரவில்லை என்ற விஷயம். நாயின் பயணத்துக்கும் சொந்தக்காரர் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் அதை வீட்டு நாய் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு சான்று, வேறு நடைமுறை. நீ எழுதிக் கொடுத்து வேறொருவர் கொண்டுவரலாம், அப்போதும் அந்த ஐந்து நாள் கணக்கு உண்டு. நீயே கூட வந்தால், கூடுதல் சாமானாக ஏற்றும் விமானம் பார்த்து எடுக்கலாம், 89 கிலோ வம்பு இல்லை. அதனால் நீ வா. நவம்பர் மூன்றாம் வாரம் வா. லீவு பத்து நாள் போடு, இரண்டு நாள் முன்னதாகவே வா. செலவைப் பற்றி யோசிக்காதே, அப்பா டெபாசிட் ஒன்று முதிர்கிறது.

நீ போட்டுத் துவைக்காத பனியன் இரண்டு, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இப்போதே தபாலில் அனுப்பு. இங்கே நீ விட்டுப்போன சுரிதாரில் உன் வாசனை போய்விட்டது, பீரோ வாசனைதான் வருகிறது. பெட்டியில் அடியில் உறிஞ்சும் விரிப்பு, அதன் மேல் என் பழைய சுங்குடிச் சேலை, அதன் மேல் உன் பனியன். வைக்கோல் போடக்கூடாது, பல நாடுகளில் விடமாட்டார்கள். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னால் கொஞ்சம் தயிர்சாதம், அவ்வளவுதான். கிண்ணத்துத் தண்ணீரைப் பனிக்கட்டியாக உறைய வைத்து மாட்டிவிட்டால் ஏற்றும்போது சிந்தாது. அங்கே இறங்கியதும் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதே. ஒரு மாதமாவது கதவைக் கழற்றிவிட்டு நீ படுக்கும் அறையிலேயே வை.

நீ அனுப்பிய முகவரியில் தெருவே வேறாக இருக்கிறது, பின்கோடும் மாறியிருக்கிறது. படிவத்தில் அதைத்தான் எழுதினேன். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் முன்பெல்லாம் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே எழுதுவேன். இப்போது அந்த இடத்தை நிரப்பவில்லை. எப்படி எழுத வேண்டும் என்று நீ சொல், அப்படியே எழுதுகிறேன்.

அப்பா பெட்டியின் அடியில் இன்னொரு ரப்பர் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். சோமு உள்ளே படுத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்க்கிறான்.

அன்புடன்,
அம்மா