தம்பிக்கு, கோடியக்கரையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. பெரியப்பா வீட்டில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

புல்வெளியில் வெளிமான்கள் குட்டி போட்டிருக்கின்றன. கருத்த ஆண்மான் ஒன்று புழுக்கையைக் குவித்து எல்லை வகுத்துக்கொண்டு அதே மேட்டில் நிற்கிறது. பெண்மானோ குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேய்கிறது. நரிக்கு இடம் தெரிந்துவிடக் கூடாதல்லவா? பால் கொடுக்க மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வருகிறது. அதுவரை குட்டி காதைக்கூட அசைப்பதில்லை. ராத்திரி நேரத்துக்குத் தூங்குகிறாயா?

இந்த மான்களுக்காகத்தான் 1967-இல் இதைச் சரணாலயமாக்கினார்கள். இப்போது சீமைக்கருவேல் வெட்டவெளியை விழுங்குகிறது. புதர் மண்டினால் மேய்ச்சலும் போகும், தூரத்தில் வரும் ஆபத்தும் மானுக்குத் தெரியாது. அதன் காயைத் தின்று புழுக்கையோடு விதையைப் பரப்புவதும் அதே மான்கள்தான். வேரோடு பிடுங்காமல் வெட்டிவிட்டுப் போனால் மறுபடி தழைக்கும் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். 2018-இல் கஜா புயல் சாய்த்த நம் பாலை மரம் பக்கத்தில் துளிர்விட்டிருக்கிறது. அது ஒன்றுதான் ஆறுதல்.

சதுப்பில் பூநாரைகள் இன்னும் இருக்கின்றன. அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சேற்றை அலசுகின்றன. கொசு உள்ளான்களும் கூட்டமாக இருக்கின்றன. முப்பது கிராம் எடைகூட இல்லாத அந்தப் பறவை ஆர்க்டிக் வரை போய்வருகிறது. காலில் வளையம் மாட்டி விட்டால், என்றைக்காவது யாராவது பார்த்து எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். சின்ன வயதிலேயே சத்தத்தை வைத்து உள்ளானை இனம் பிரித்துச் சொன்னவன் நீ. வளையம் போட வந்தவர்களே அசந்து போனார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லையா? சரி, விடு. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

பங்குனிக்குள் பறவைகள் கிளம்பிவிடும். அதற்குள் வா. பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரியப்பாவிடம் நான் பேசிவிட்டேன்.

அப்பா