அந்தப் பாட்டின் நகலைக் கொடுங்கள்

ஆனைமலையில் வாழும் காடர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகளான குடிகளில் ஆய்வு நடத்தும் அறிஞர்களுக்கும், அவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இரண்டாண்டுகளுக்கு முன் உங்களில் ஒரு குழுவினர் வால்பாறைக்கு மேலுள்ள ஒரு குடியில் மூன்று இரவுகள் தங்கி, பாறைத்தேன் எடுக்கும்போது பாடும் பாட்டை ஒரு முதியவரிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டனர். இருமல் வந்தபோதெல்லாம் நிறுத்தி, பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடித்து, விட்ட அடியிலிருந்தே அவர் மறுபடியும் தொடங்கியதை அருகிலிருந்து பார்த்தேன். சென்ற மழைக்காலத்தில் அவர் காலமானார். பேத்திக்கு நினைவிருப்பவை முதல் இரண்டு அடிகள் மட்டுமே. அவளுக்காக நான் எழுதிய கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது: தகவல் தந்தவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியிருப்பதால் பதிவைப் பகிர இயலாதாம். தாத்தாவின் குரலைப் பேத்தியிடமிருந்து காப்பாற்றும் உங்கள் அக்கறைக்கு நன்றி.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவெடுக்கும் கருவிகளோடு இம்மலைக்கு வந்து, காடர்கள் பற்களைக் கூராக்கிக்கொள்வதையும் பெண்கள் மூங்கில் சீப்பு அணிவதையும் எழுதிவைத்தார். வயநாட்டில் பணியர் என்னும் பழங்குடிப் பெண்கள், தங்களில் சிறந்தவர்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கவே அவர் வந்திருப்பதாக நம்பினார்கள் என்று 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் அவரே வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். அந்தப் பெண்களின் அச்சத்தை எண்ணி இப்போது என்னால் சிரிக்க முடியவில்லை. இத்தனை ஆய்வேடுகள் எழுதப்பட்ட பிறகும், 2019 ஆகஸ்டில் இம்மலையிலுள்ள கல்லார் என்ற காடர் குடியில் மண் சரிந்தபோது, பாதுகாப்பான இடத்தில் குடியிருக்க நிலம் கேட்டு அம்மக்கள் தாங்களேதான் போராட வேண்டியிருந்தது; அவர்கள் பல்லை அளந்தவர்களின் வாரிசுகள் யாரும் அங்கே மனு எழுதிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கோபத்தில் விலகிவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான்: குடியில் எடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் படத்திலும் ஒரு நகலைக் குடிக்கே கொடுங்கள். அதை அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாகச் சேர்க்குமாறு அதிகாரிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். முதலில் அந்தத் தேன்பாட்டின் நகலை அனுப்பிவையுங்கள். பென்டிரைவ் கூட வேண்டாம். பேத்தியிடம் கைப்பேசி இருக்கிறது, குடிக்கு மேலே பாறைவரை ஏறினால் சிக்னலும் கிடைக்கிறது.