மங்கிய பூச்சு பராமரிப்புக் குறைவு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள குதிரை வண்டிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். புதுப்பிக்கப்பட்ட குடும்பச் சாரட்டுகளின் பளபளப்பை மனமாரப் பாராட்டியிருந்த கட்டுரையாளர், டெர்பிஷயரில் உள்ள கால்க் அபே மாளிகையைப் பற்றி எழுதும்போது மட்டும், அங்கே பொருள்கள் மங்கிய நிலையிலேயே விடப்பட்டிருப்பதைப் பராமரிப்புக் குறைவு என்று குறித்திருந்தார். அந்த மதிப்பீட்டை என்னால் ஏற்க இயலவில்லை.

1701 முதல் 1704 வரை கட்டப்பட்ட அந்த மாளிகை ஹார்ப்பர் க்ரூ குடும்பத்தாருக்கு உரியதாக இருந்தது. அக்குடும்பத்தின் வான்சி ஹார்ப்பர் க்ரூ, 1924இல் காலமாகும் வரை தம் நிலத்துக்குள் மோட்டார் வாகனங்களை அனுமதிக்கவில்லை. மற்ற பெரிய வீடுகளில் குதிரை லாயங்கள் கார் கொட்டகைகளாக மாறிக்கொண்டிருந்த காலத்திலும் இங்கே குதிரைகள்தாம் வண்டி இழுத்தன. வீட்டுக்கு மின்சாரம் வந்ததே 1962இல்தான். 1981இல் சொத்தின் உரிமையாளர் இறந்தபோது வாரிசு வரி பெருஞ்சுமையாக விழ, 1985இல் மாளிகை, பழைமையான கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. 1989இல் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் முன்பே, பழுதை நிறுத்துவோம், ஆனால் எதையும் புதிது போல் ஆக்க மாட்டோம் என்று அவ்வமைப்பு முடிவு செய்துவிட்டது. கட்டுரையாளர் குறைவு என்று கண்டது இப்படித் தெரிந்தே எடுத்த முடிவு.

குடும்ப வண்டியைப் பொறுத்தவரை அம்முடிவு எவ்வளவு சரியானது என்பதை அதன் வண்ணப்பூச்சே காட்டும். அக்காலத்துப் பட்டறைகளில் வண்டியின் பலகைகளுக்கு அடிப்பூச்சு, நிறம், வார்னிஷ் என்று 20 பூச்சுகள் வரை கொடுத்து, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். இறுதியாகக் கதவில் கேடய வடிவில் குலச்சின்னம் வரையப்படும். திருமணமானவரின் கேடயத்தில் ஒரு பாதி கணவன் குலத்துச் சின்னமாகவும், மறுபாதி மனைவி பிறந்த வீட்டுச் சின்னமாகவும் இருக்கும். வண்டி அடுத்த தலைமுறைக்கோ வேறு குடும்பத்துக்கோ போகும்போது பழைய சின்னத்தின் மீதே புதியது தீட்டப்படுவதும் உண்டு. பிரிட்டனில் 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி குலச்சின்னத்தை வண்டியில் வரைந்துகொள்பவர் ஆண்டுக்கு 2 கினி (ஒரு கினி என்பது 21 ஷில்லிங்) வரி செலுத்த வேண்டியிருந்தது. மற்ற வகையில் மட்டும் பயன்படுத்தினால் 1 கினி போதுமானதாக இருந்தது. இரட்டை வரி கட்டியேனும் ஊரார் பார்வையில் நிறுத்த விரும்பிய அந்தச் சின்னத்தை, அடியில் என்ன இருக்கிறது என்று ஆராயாமல் உப்புத்தாள் கொண்டு தேய்த்தெடுத்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் திருமணங்களையும் கைமாறுதல்களையும் சொல்லக்கூடிய சான்று தூளாகப் போய்விடும். அதை எந்தக் கைவினைஞரும் மீட்டுத் தர முடியாது.

புதுப்பித்தலே கூடாது என்பது என் வாதம் அன்று. வறண்ட காற்றில் மரச் சக்கரத்தின் வட்டையும் ஆரக்கால்களும் சுருங்கினால், பழுக்கக் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டா தளர்ந்துவிடும். பூச்சி அரித்த சட்டமும், வண்டிக்கூட்டைத் தாங்கும் தோல்வார் இற்றுப்போனதும் அப்படியே விடத்தக்கவை அல்ல. அவற்றை மாற்றத்தான் வேண்டும். அதற்கு மேல், பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவைப்படுவது ஈரப்பதம் ஏறி இறங்காத கூடம், உள்பட்டுத்துணியை வெளுக்கச் செய்யாத குறைந்த வெளிச்சம், சக்கரங்களின் மேல் முழு எடையும் இறங்காதபடி அச்சுக்கு அடியில் ஒரு முட்டு ஆகியவையே. டெவனில் உள்ள ஆர்லிங்டன் கோர்ட் மாளிகையின் லாயக் கட்டடத்தில், 1964இல் பியூட் பிரபு அளித்த எட்டு வண்டிகளோடு தொடங்கி இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் பேணப்படுகின்றன. வண்டிகளைப் பற்றி எழுத முனைபவர் அங்குள்ள பராமரிப்பு முறையையும் விசாரித்திருந்தால் கட்டுரை இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

கட்டுரையாளர் பாராட்டிய வண்டிகளிலும் எந்தப் பாகம் பழையது, எது புதிதாகச் செய்து பொருத்தப்பட்டது என்ற விவரம் ஓரிடத்திலும் இல்லை. இருக்கைத் துணி புதிதா, பழையதா? கதவில் இப்போது மின்னும் சின்னம் பழைய கோடுகளின் மேல் தீட்டப்பட்டதா, ஒரு பழைய படத்தைப் பார்த்து வரையப்பட்டதா? இவை தெரியாமல் வண்டியைப் பார்ப்பவர், சென்ற சில ஆண்டுகளில் செய்த வேலையை இருநூறு ஆண்டுப் பழமை என்று நம்பிச் செல்வார். புதுப்பித்த ஆண்டையும் மாற்றிய பாகங்களையும் வண்டியின் அருகிலேயே பலகையில் எழுதிவைப்பது மாளிகை நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்டு எழுதுவது இதழாளரின் கடமை.

ஆகவே, கால்க் அபே பற்றிய அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறும், இத்தொடர் மேலும் வருவதாயின் ஒவ்வொரு வண்டிக்கும் என்ன செய்யப்பட்டது, எது செய்யாமல் விடப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதச் செய்யுமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்