வெட்டுமுகப் படத்தில் வழுவையும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த, தொலைவிலுள்ள பாறைக் கோள் ஒன்றின் வெட்டுமுகப் படம் கண்ணைக் கவர்ந்தது. ஆனால் அதன் இரும்பு மையக்கரு திணிவில் மூன்றில் ஒரு பங்கு என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருப்பது சரியல்ல.

பூமியின் மையக்கரு ஏறத்தாழ 3480 கி.மீ. ஆரை கொண்டது என்பது நிலநடுக்க அலைகளால் தெரியவந்தது. கண்டிக்கு அருகிலுள்ள நம் பல்லேகலை நிலநடுக்க நிலையமும் அத்தகைய அலைகளைப் பதிகிறது. வேறு விண்மீனைச் சுற்றும் கோளுக்கு அந்த வசதி இல்லை. ஆரை, திணிவு என்ற இரண்டு எண்களே அடிப்படை. அந்த ஆரையும் விண்மீனின் ஆரையோடு ஒப்பிட்டே கிடைப்பதால், விண்மீனை அளப்பதில் உள்ள வழு (அளவீட்டுப் பிழை) அப்படியே கோளுக்கும் வந்துவிடும்.

2016இல் செங், சசலோவ், ஜேக்கப்சன் ஆகிய ஆய்வாளர்கள் பாறைக் கோள்களுக்குத் தந்த சூத்திரம் உயர்தர வகுப்பு மாணவருக்கே எட்டக்கூடியது. மையக்கருவின் திணிவுப் பங்கை 0.21ஆல் பெருக்கி 1.07இலிருந்து கழிக்க வேண்டும். வருவதைக் கோளின் திணிவின் 1/3.7 ஆம் அடுக்கால் பெருக்கினால் ஆரை கிடைக்கும். திணிவும் ஆரையும் பூமியின் மடங்குகளில். பூமிக்கு 0.33 இட்டால் ஆரை 1 வரும். இனி ஆரையில் 5 சதவீத வழு இருப்பதாகக் கொள்ளுங்கள். 0.05ஐ 0.21ஆல் வகுத்தால் 0.24. ஆக, மையக்கருவின் பங்கு 0.09 ஆகவும் இருக்கலாம், பாதிக்கு மேலாகவும் இருக்கலாம்! மேல் எல்லை, சூத்திரம் செல்லுபடியாகும் 0.4ஐயே தாண்டிவிடுகிறது. திணிவில் 10 சதவீத வழு இருந்தால் பங்கு இன்னொரு 0.13 அளவுக்கு அசையும்.

அளவீடு துல்லியமானாலும் சிக்கல் தீராது. டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் ஏழு கோள்களும், பூமியின் கலவை இருந்தால் எதிர்பார்க்கும் அடர்த்தியைவிட சுமார் 8 சதவீதம் குறைந்தவை என்று 2021இல் கணித்தார்கள். இரும்பு குறைவாக இருக்கலாம். அல்லது இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து பாறைக்குள்ளேயே தங்கி, மையக்கருவே உருவாகாமல் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அடர்த்திதான்.

கோளின் உட்புறத்தைக் கணினியில் அடுக்கடுக்காகக் கணித்துப் பார்க்கும் மாணவர்களுக்கும் ஒன்று. மேற்பரப்பிலிருந்து ஒவ்வோர் அடுக்கின் திணிவையும் கழித்தபடி உள்நோக்கிப் போகையில் மையத்தில் எஞ்சும் திணிவு பூச்சியமாக வேண்டும். எஞ்சினால் எடுத்துக்கொண்ட ஆரை சிறியது, கூட்ட வேண்டும். பாறையும் இரும்பும் சந்திக்கும் எல்லையில் அடர்த்தி திடீரெனப் பாய்வதால், கணக்கின் படி ஒன்று சரியாக அங்கே முடிய வேண்டும். மையக்கருவைத் தூய இரும்பாகக் கொள்ளவும் கூடாது. பூமியின் வெளி மையக்கருவே கந்தகம், சிலிக்கன் போன்றவை கலந்து தூய இரும்பைவிட 5 முதல் 10 சதவீதம் அடர்த்தி குறைந்தது.

இனி இத்தகைய படம் வரும்போது திணிவையும் ஆரையையும் வழுவோடு கீழே அச்சிடுங்கள். முடிந்தால் ஒரே கோளுக்கு, பொருந்தக்கூடிய இரண்டு வெட்டுமுகங்களை அருகருகே போடுங்கள்.

இப்படிக்கு,
உயர்தர பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.