ரெண்டு கார்டு போட்டா நெட் டபுள் ஆகாதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல பழைய புள்ளைக்காம்பராவ (வேலைக்குப் போற அம்மாமாரு கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற கட்டடம்) துப்பரவு பண்ணி 16 கம்ப்யூட்டர் வச்சி ஓஎல், ஏஎல் பரீட்சை எழுதுற புள்ளைகளுக்கு பின்னேரத்துல வகுப்பு நடத்துறோம். பாட வீடியோ, பாஸ்ட் பேப்பர் எல்லாம் சர்வர்னு சொல்ற ஒரு பொதுக் கம்ப்யூட்டர்ல கிடக்கு, புள்ளைக எல்லாரும் ஒண்ணா காப்பி எடுத்தா இழுத்துக்கிட்டே நிக்கும், நெட்டும் ஸ்லோ. டவுன்ல ஒரு கடையில போய் சொன்னதுக்கு, சர்வருக்கு இன்னொரு நெட்வேர்க் கார்டு (நெட்வேர்க் கேபிள் சொருகுற கார்டு) போடுங்க எல்லா ஸ்பீடும் டபுளாகும்னு சொல்லிட்டாங்க. கொழுந்து எடுக்குற அம்மாமாரு சம்பளத்துல குடுத்த காசுல கார்டும் வாங்கியாச்சு.

போட்டுப் பாத்தா நெட் அப்படியேதான் இருக்கு. இருக்காதா பின்ன, வெளியில இருந்து வாற லைன் ஒண்ணுதானே, உள்ளுக்கு எத்தன கார்டு போட்டாலும் அந்த லைன் பெருசாகாது. இத அந்தக் கடையில சொல்லியிருக்கணும்.

அதுக்காக கார்டு சேக்குறது வீண்னு சொல்ல வரல்ல. ரெண்டு கேபிள ஒரு லைன் மாதிரி சேத்துப் பாவிக்குறதுக்குன்னே 802.3ஏடி-ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் 2000லயே வந்திருச்சி, எல்ஏசிபின்னு சொல்றது (ரெண்டு பக்கமும் பேசி கேபிள சேக்குற முறை) அதுலதான் வருது, ஆனா அதுக்கு கேபிள் எல்லாம் வந்து சேர்ற சுவிட்ச் பெட்டியும் சப்போர்ட் பண்ணணும், நம்ம கிட்ட இருக்குற சாதா சுவிட்ச்ல அது இல்ல. அப்புறம் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபைல் போறப்போ அது ஒரே கேபிள்லதான் போகும், ஒரு கிகாபிட்னா செக்கனுக்கு 125 எம்பி, கையில வாறது 110 சொச்சம், அத ரெண்டு கார்டும் கூட்டாது. 16 பேரு ஒண்ணா கேக்குறப்போதான் பாதிப்பேரு ஒரு கேபிள்ல, மிச்சப்பேரு மத்ததுலன்னு பிரிஞ்சி போகும், அதுவும் சரிபாதியா பிரியும்னு இல்ல.

நாங்க சர்வர்ல இருக்குற லினக்ஸ் சிஸ்டத்துல, கார்டுகள ஒண்ணா சேக்குற பொண்டிங்ல மோட் 6 போட்டோம், அதுக்கு விசேஷ சுவிட்ச் தேவையில்ல. அப்பவும் பெருசா மாத்தம் தெரியல்ல, பாத்தா பழைய ஹார்ட் டிஸ்க்கே ஒரு கார்டுக்கு மேல குடுக்க ஏலாம கிடந்திருக்கு! அத விட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாத்துன பொறகுதான் புள்ளைக காத்திருக்குறது கொறஞ்சிச்சி. ஒரு கேபிள் கழண்டாலும் மத்ததுல வேல நடக்குது, அது எங்களுக்கு பெரிய நிம்மதி.

சிம் போட்டு நெட் எடுக்குற டோங்கிளையும் வீட்டு லைனையும் சேத்து ஒண்ணாக்கித் தாறோம்னு காசு கேக்குற ஆளுகளும் இருக்காங்க. ரவுட்டர்ல பிரிச்சி விடலாம், உங்களுக்கு ஒரு லைன் எனக்கு ஒரு லைன்னு, ஆனா ஒரே டவுன்லோட் ரெண்டுலயும் சேந்து வரணும்னா இன்டர்நெட்ல அந்தப் பக்கமும் அத சேத்துக் குடுக்குற சர்வர் ஒண்ணு வேணும், அதையும் சொல்லித்தான் காசு வாங்கணும்.

தோட்டத்து சனம் வயித்தக் கட்டி சேக்குற காசு ஐயா. கடைக்காரங்க விக்க முந்தி உங்க லைன் என்ன, சுவிட்ச் என்ன, டிஸ்க் என்னன்னு மூணு கேள்வி கேளுங்க. உங்க பத்திரிகையிலயும் இத படம் போட்டு ஒருக்கா வெளக்குனீங்கன்னா வகுப்பு செவுத்துல ஒட்டி வைப்போம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் தோட்டத்து வாசகர்,
ஹட்டன்