பெருவெடிப்புக்குச் சிவஞானபோதத்தைச் சாட்சிக்கு அழைக்கவேண்டாம்

அன்புள்ள மருமகனுக்கு,

திருவிழாவின்போது கோயில் மண்டபத்தில் நீர் ஆற்றிய சொற்பொழிவை முழுவதும் இருந்து கேட்டேன். பிரபஞ்சம் மிகச் சூடான, செறிந்த நிலையிலிருந்து விரிந்தது என்னும் பெருவெடிப்பை விஞ்ஞானிகள் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மெய்கண்டதேவர் தம் சைவசித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தில் அதைச் சொல்லிவிட்டார் என்று நீர் கூறியபோது சபை கைதட்டியது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஒப்பீடு சைவத்துக்கே பொருந்தாது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதைக் கொண்டு, அதை ஒடுக்கி மீளத் தோற்றுவிக்கும் ஒருவன் உளன் என்று அனுமானத்தால் நிறுவுகிறது. அங்கே உலகம் வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதத்தின்படி மாயை என்னும் மூலப்பொருள் முதற்காரணம், அதைத் தொழிற்படுத்தும் இறைவன் நிமித்தகாரணம். குடத்துக்கு மண்ணும் குயவனும் போல என்று நம் ஆசிரியர்கள் விளக்குவர். பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய கட்டும் அநாதி. உயிர்கள் தம்மை மறைக்கும் மலம் நீங்கி உய்யும்பொருட்டே படைப்பு நிகழ்கிறது. இதில் எந்த வெப்பநிலையும் சொல்லப்படவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

பெருவெடிப்புக் கொள்கை நிற்கும் விதம் வேறு. 1965இல் தம் கண்டுபிடிப்பை வெளியிடுமுன், பென்சியாஸ், வில்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் தம் வானொலி அன்ரனாவில் ஓயாது பதிவான இரைச்சலுக்குக் காரணம் தேடி, உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி, எச்சத்தையும் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. எத்திசையிலிருந்தும் ஒரே அளவாய் வந்த அது, ஏறத்தாழ 2.7 கெல்வின் வெப்பநிலைக்குக் குளிர்ந்துவிட்ட, பிரபஞ்சத்தின் சூடான தொடக்ககாலத்து ஆதிக் கதிர்வீச்சு என்று பின்னர் விளங்கியது. இத்தகைய அளவீடுகளால் நிற்கவும் விழவும் கூடிய கூற்று அது. இன்று பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அளவீடு திருந்தினால் அந்த எண்ணும் திருந்தும். அதுமட்டுமன்றி, காலத்தில் பின்னோக்கிப் போகப் போக ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே கைகொடுக்காத ஓர் எல்லை வருகிறது. ஆதலால், தோற்றத்தை விஞ்ஞானம் நிறுவிவிட்டது என்று நீர் சொன்னதும் சற்று மிகைதான்.

அக்கொள்கைக்கு வித்திட்ட லெமைத்ர் கத்தோலிக்கக் குருவானவர். ஆயினும் 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அதைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துரைத்ததை அவர் விரும்பவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவரது நிலைப்பாடு. சான்று தம் பக்கம் சாயும்போதும் அதை மறுத்த அந்த நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தை வைத்து, அமெரிக்க மிசனரிமார் நடத்திய வட்டுக்கோட்டை செமினறியின் டானியல் பூவர் பாதிரியார் அராலிப் பஞ்சாங்கக் கணிப்பில் பிழை காட்டி, சைவ நூல்களின் நம்பகத்தையே அசைக்கப் பார்த்தார். பஞ்சாங்கம் நிமிடக் கணக்கில் பிசகியது கணிதத்தின் குறை; அதிலிருந்து இறைவனைப் பற்றி எந்த முடிவும் வராது. நீர் செய்ததும் அதே வாதந்தான், திசை மட்டும் மாறியிருக்கிறது. பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்று பொருத்திக் காட்டினீரே, பொருந்தாத எண்களை ஏன் விட்டீர் என்று உம் மாணவன் ஒருவன் எழுந்து கேட்டால் என்ன சொல்வீர்?

அடுத்த முறை முதற் சூத்திரத்தை மட்டும் எடுத்து, குயவனிலிருந்து மலம் வரை ஒரு மணி நேரம் விரித்துப் பேசும். பௌதிகவியலை உயர்தர வகுப்பிலே சொல்லிக்கொடும். அங்கே உம்மை மிஞ்ச ஆளில்லை.

அன்புடன்,
மாமா